படமும் பெயர்க்குறியும்

அறிவியல் நூல்களிலும் தொழில் நூல்களிலும் வரும் படங்களைக் கூர்ந்து நோக்குவோர், அவற்றுள் இரண்டு கூறுகள் இருத்தலை எளிதில் உணர்வர். ஒன்று, பொருளின் உருவம். மற்றொன்று, அவ்வுருவத்தின் ஒவ்வோர் உறுப்பையும் இன்னதென்று அறிவிக்கும் பெயர். இவ்விரண்டையும் இணைப்பதற்காக மெல்லிய கோடு ஒன்று இழுக்கப்பட்டிருக்கும். பள்ளி மாணவர் அதனைப் பொருட்படுத்துவதில்லை. ஆயினும் படத்தின் பயன் பெரும்பாலும் அக்கோட்டின் நுனியிலேயே தங்கியுள்ளது. நுனி அங்குலத்திற் காற்பங்கு விலகி அயலுறுப்பைத் தொடுமாயின் நாடி நாளமாகும், உவர்நீர் நன்னீராகும், கற்பவன் பிழையையே உண்மையென்று மனத்திற் பதித்துக்கொள்வான்.

கோட்டையும் பெயரையும் சேர்த்துப் பெயர்க்குறி எனலாம். சில இடங்களில் பெயருடன் ஓரிரு வரி விளக்கமும் சிறு கட்டத்துள் அமையும். அதனை விளக்கக் குறிப்பு எனலாம். முன்னாளில் இவற்றை ஓவியரும், மரக்கட்டை செதுக்குவோரும், அச்சுக் கோப்போரும் கூடி ஆக்கினர். இந்நாளில் ஆசிரியர் ஒருவர் தம் மேசைமேலுள்ள கணினியில், வரைதல் மென்பொருளின் துணைகொண்டு தாமே ஆக்கிவிடுகிறார். எந்தப் பெயரை, எந்த இடத்தில், எவ்வாறு இடுவது என்னும் வினா மட்டும் அன்று போலவே இன்றும் நிற்கிறது. அவ்வினாவைத் தமிழிலே பெரிய அளவில் எதிர்கொண்ட இடங்களுள் யாழ்ப்பாணக் குடாநாட்டின் மானிப்பாய் முதன்மையானது.

அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரில் 1822ஆம் ஆண்டு பிறந்தவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் மருத்துவர். அமெரிக்க மிசனைச் சேர்ந்த இவர் 1847இல் யாழ்ப்பாணத்துக்கு வந்து, மானிப்பாயில் மருத்துவமனை நடத்தி, 1848 முதல் இவ்வூர் இளைஞருக்கு மேனாட்டு மருத்துவத்தையும் கற்பித்தார். தொடக்கத்திற் பாடம் ஆங்கிலத்தில் நடந்தது. மக்களுக்கு மருத்துவஞ் செய்வோர் மக்களின் மொழியிலேயே அதனைக் கற்றல் வேண்டும் என்னும் உறுதி கொண்ட கிறீன், 1860களிற் பாடத்தைத் தமிழுக்கு மாற்றினார். தம் மாணவரின் துணையோடு அவர் வெளியிட்ட தமிழ் மருத்துவ நூல்களின் பக்கங்கள் நாலாயிரத்துக்கும் மேற்பட்டவை. கற்றர் என்பாரின் உடல்நூலைத் தழுவிய தமிழ்நூல் 1852இலும், இரண வைத்தியம் 1867இலும், மனுஷ அங்காதிபாதம் 1872இலும், கெமிஸ்தம் 1875இலும் வெளிவந்தன. இவற்றுள் மனுஷ அங்காதிபாதம், இலண்டனைச் சேர்ந்த ஹென்றி கிரே எழுதிய புகழ்பெற்ற உடற்கூற்று நூலின் தமிழாக்கமாகும்.

கிறீனும் அவர்தம் மாணவரும் மேற்கொண்ட பணியின் அருமையை அளந்தறிய ஒரு கணக்குப் போதும். வளர்ந்த மனிதனுடலில் எலும்புகள் மட்டும் 206. தசைகள், நரம்புகள், குருதிக் குழாய்கள், சுரப்பிகள் ஆகியவற்றையும் எண்ணினாற் பெயர் வேண்டுவன பல நூறாகும். தோள், முழங்கை, விலா, ஈரல் போன்றவற்றுக்குத் தமிழில் தொன்றுதொட்டுப் பெயருண்டு. தோலை அறுத்து உள்ளே நோக்கும்போதுதான் பெயரில்லா உறுப்புகள் வரிசை வரிசையாக எதிர்ப்படுகின்றன. இந்நிலையில் அவர்கள் கைக்கொண்ட வழிகளை நூற்பெயர்களே காட்டிவிடும். இரண வைத்தியம் என்பது நாட்டில் முன்னரே வழங்கிய பெயர். அங்காதிபாதம் என்பது வடசொற் பகுதிகளைக் கொண்டு ஆக்கியது. கெமிஸ்தம் என்பது ஆங்கிலச் சொல்லைத் தமிழோசைக்கு இசைவித்தது. இன்று அத்துறையை இலங்கைத் தமிழர் இரசாயனவியல் என்பர். தமிழ்நாட்டார் வேதியியல் என்பர். கிறீன் இட்ட பெயர் நிலைக்கவில்லை. எனினும், படத்தின் ஒவ்வோர் உறுப்புக்கும் தமிழிற் பெயரிட இயலும் என்பது அன்றே நிறுவப்பட்டுவிட்டது.

பெயர் கிடைத்தபின் அதனைப் படத்தில் எங்கே இடுவது? இதற்கு மேனாட்டில் இரண்டு மரபுகள் இருந்தன. 1543ஆம் ஆண்டில் வெளிவந்த வெசாலியஸ் என்பாரின் உடற்கூற்று நூலிலே, உறுப்புகளின்மேல் சிறு எழுத்துகள் மட்டும் பொறிக்கப்பட்டிருக்கும். அவ்வெழுத்துகள் குறிக்கும் பெயர்கள் வேறிடத்தில் அட்டவணையாகத் தரப்பட்டிருக்கும். நெடுங்காலம் பிறரும் இம்முறையையே பின்பற்றினர். 1858இல் கிரேயின் நூல் வேறு வழியிற் சென்றது. அதற்குரிய 363 படங்களையும் வரைந்தவர் ஹென்றி வான்டைக் கார்ட்டர் என்னும் இளம் மருத்துவர். அவர் எலும்பின் பெயரை எலும்பின்மேலேயே, நரம்பின் பெயரை நரம்பு செல்லும் வழியிலேயே எழுதினார். மாணவன் படத்துக்கும் அட்டவணைக்கும் இடையே கண்ணை மாறிமாறி ஓட்ட வேண்டிய வேலை ஒழிந்தது. அந்நூல் இன்றுவரை புதுக்கப்பட்டு வழங்குவதற்கு அப்படங்களின் தெளிவும் ஒரு காரணம் என்பர். கார்ட்டர் அவ்வாண்டிலேயே பம்பாய்க்கு வந்து, அங்குள்ள கிராண்ட் மருத்துவக் கல்லூரியிற் பணியேற்றார். கிரேயோ 1861இல் பெரியம்மை நோய்க்கு ஆளாகி 34ஆம் வயதிலேயே மறைந்தார்.

ஒவ்வொரு முறைக்கும் ஒரு நன்மையும் ஓர் இடரும் உண்டு. எழுத்து மட்டும் பொறித்த படம் கற்போனைக் களைப்புறச் செய்யும். ஆயின் எம்மொழிக்கும் பயன்படும். அட்டவணையை மட்டும் தமிழில் மாற்றினாற் போதும். பெயரையே பொறித்த படம் கற்போனுக்கு இனியது. ஆயின் ஒரு மொழிக்கு மட்டுமே உரியது. அக்காலத்துப் படங்கள் மரக்கட்டையிற் செதுக்கப்பட்டவை. அச்சில் நேராக விழும்பொருட்டு ஒவ்வோர் எழுத்தும் கட்டையில் இடவலம் மாறிச் செதுக்கப்பட வேண்டும். உருவமும் பெயரும் ஒரே கட்டையில் ஒன்றாகிவிடுவதால், பெயரை மாற்ற விரும்புவோர் உருவத்தையும் அழித்துப் புதிதாகச் செதுக்க நேரும். செலவும் உழைப்பும் பன்மடங்காகும். சிறிய மொழியில் நூல் செய்வோர்க்கு இஃது ஏறமுடியாத மலையாகவே இருந்தது.

கணினி நீக்கிய இடர் இதுவே. வரைதல் மென்பொருள்களில் அடுக்கு என்றொரு வசதி உண்டு. கண்ணாடித் தாள்கள் பலவற்றை ஒன்றன்மேலொன்றாக அடுக்கி, அடித்தாளில் உருவத்தையும், அதன்மேலுள்ள தாளிற் கோடுகளையும், மேற்றாளிற் பெயர்களையும் எழுதியதாகக் கொள்க. மேலிருந்து நோக்குவோர்க்கு யாவும் ஒரே படமாகத் தோன்றும். வேண்டும்போது பெயர்த்தாளை மட்டும் எடுத்துவிட்டு வேறு பெயர்த்தாளை வைக்கலாம். ஒரே இதயப் படத்துக்குத் தமிழ், சிங்களம், ஆங்கிலம் என மூன்று பெயரடுக்குகளை வைத்து, ஒன்றைத் திறந்து மற்றிரண்டையும் மறைத்துவிட்டால், மூன்று மொழிக்கும் மூன்று படங்கள் கிடைக்கும். பெயர்கள் யாவற்றையும் மறைத்துக் கோடுகளை மட்டும் விட்டுவைத்தால் அதுவே தேர்வு வினாத்தாளுக்குரிய படமாகும். 2003ஆம் ஆண்டு முதல் விலையின்றிக் கிடைத்துவரும் இங்க்ஸ்கேப் என்னும் மென்பொருளும், லிப்ரே ஆபிஸ் தொகுதியிலுள்ள ட்ரோ என்னும் மென்பொருளும் இவ்வசதியைத் தருகின்றன. சிற்றூர்ப் பள்ளியின் ஆசிரியரும் பொருட்செலவின்றி இவற்றைப் பயன்படுத்தலாம்.

பழைய நூலொன்றின் படத்தை ஒளிவருடியில் இட்டுப் பிரதி எடுத்துப் பயன்படுத்துவோர் ஒன்றை நினைவிற் கொள்ளல் வேண்டும். அப்பிரதியில் உருவமும் பழைய பெயரும் மரக்கட்டையிற் போலவே பிரியாமற் கலந்துள்ளன. பழைய பெயர்களை வெண்கட்டங்களால் மறைத்து அவற்றின்மேற் புதுப்பெயர் இடுவது அவசர வேலைக்கு உதவும். ஆனால் அப்படத்தை அடியில் வைத்து, அதன்மேற் புதிய அடுக்கிலே கோடு கோடாகப் பிரதி செய்துகொள்வதே நிலைத்த பயன் தரும். உழைப்பு ஒரு நாளைக்குரியது. பயன் பல ஆண்டுகளுக்கு உரியது.

இனிக் கோடு இழுக்கும் முறை. கோட்டின் நுனி உறுப்பின் விளிம்பைத் தொட்டு நிற்பது போதாது. உறுப்பின் உள்ளே சென்று நிற்றல் வேண்டும். விளிம்பு என்பது இரண்டு உறுப்புகளுக்குப் பொதுவான எல்லை. அங்கு நிற்கும் கோடு எதைச் சுட்டுகிறது என்று கற்போன் அறியான். பரப்பைச் சுட்டுங்கால் நுனியிற் சிறு புள்ளி வைப்பதும், விளிம்பைச் சுட்டுங்கால் அம்புத்தலை வைப்பதும் பொறியியற் படங்களில் வழங்கும் மரபு. ஒரு கோடு மற்றொரு கோட்டை வெட்டிச் செல்லலாகாது. கோடுகள் யாவும் ஒரே தடிப்பில், உருவத்தின் கோடுகளைக் காட்டிலும் மெல்லியனவாக அமைதல் நன்று. கருமையான பகுதிக்குட் செல்லும் கோட்டை அப்பகுதியளவில் வெண்மையாக்க வேண்டும். இன்றேல் அது கண்ணுக்குப் புலனாகாது.

பெயர்கள் உருவத்தின் இருமருங்கிலும் நிரலாக, கிடைமட்டமாக நிற்றல் வேண்டும். வலப்பக்கத்துப் பெயர்களின் தொடக்கங்கள் ஒரே நேரிலும், இடப்பக்கத்துப் பெயர்களின் முடிவுகள் ஒரே நேரிலும் அமைந்தாற் கண் எளிதாக ஓடும். மேலுள்ள உறுப்பின் பெயர் மேலும், கீழுள்ளதன் பெயர் கீழும் வரின், கோடுகள் தாமே ஒன்றையொன்று வெட்டா. படத்தைச் சிறிதாக்கி அச்சிடும்போது எழுத்தும் சேர்ந்து சிறுத்துவிடும் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். அச்சில் எவ்வளவு பெரிதாக வருமோ அவ்வளவிலேயே ஒரு முறை தாளில் எடுத்து, கைநீட்டிய தூரத்தில் வைத்துப் படித்துப் பார்த்தால் எழுத்தின் அளவு போதுமா என்பது விளங்கும். உறுப்புகள் மிகப் பலவாகிப் பெயர்கள் நெருங்குமிடத்து, வெசாலியஸ் காலத்து முறையே துணைக்கு வரும்: உறுப்புகளுக்கு எண்ணிட்டு, எண்ணுக்குரிய பெயர்களைப் படத்தின் அருகே தரலாம். பன்னிரண்டு பெயர்களைத் தாங்கமாட்டாத படத்தை இரண்டு படங்களாகப் பிரிப்பது அதனினும் நன்று.

தமிழ் எழுத்துக்கென்று தனிச் சிக்கல்களும் உள. அவற்றுள் முதலாவது, பெயரின் நீளம். ஆங்கிலத்தில் ஐந்தாறு எழுத்துகளில் முடியும் பெயர் தமிழில் இருசொற் பெயராக நீளும். வேற்றுமொழிப் படத்திலுள்ள கட்டத்துக்குள் அதனைத் திணிக்க முயல்வோர் எழுத்தைச் சுருக்கிவிடுகின்றனர். அல்லது சொல்லை நடுவே உடைத்துவிடுகின்றனர். எழுத்தைச் சுருக்காமற் பெயரை இரண்டு வரியாக்குவதே தக்கது. அதனையும் சொற்கள் சேருமிடத்திற் செய்தல் வேண்டும். நுரையீரல் நாடி என்பதை நுரையீரல் என்பதோடு நிறுத்தி அடுத்த வரியில் நாடி என எழுதினாற் பொருள் கெடாது. நுரையீ என்று நிறுத்தினாற் பெயரும் கெடும். படிப்பவன் பொறுமையும் கெடும்.

இரண்டாவது, எழுத்துருவின் குழப்பம். இலங்கைத் தமிழரிடையே நெடுங்காலம் வழங்கிய பாமினி போன்ற எழுத்துருக்கள், உரோம எழுத்துகளின் இடங்களிலே தமிழ் வடிவங்களை வைத்து ஆக்கப்பட்டவை. அவ்வெழுத்துரு உள்ள கணினியிற் படம் செவ்வையாகத் தோன்றும். அஃதில்லாத கணினியிலே திறந்தால், பெயர்கள் யாவும் பொருளற்ற உரோம எழுத்துக் குவியலாகிவிடும். ஊரிலே ஆசிரியர் வருந்தி ஆக்கிய படம் கொழும்பிலுள்ள அச்சகத்தில் இக்கதிக்கு உள்ளாதல் எளிதில் நேரக்கூடியது. 1991ஆம் ஆண்டு வெளிவந்த முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடந்தந்த யூனிக்கோட் முறை இக்குறையைப் போக்கிற்று. அம்முறையில் தமிழெழுத்துகளும் குறிகளும் தமக்கென எண்கள் பெற்றுள்ளமையால், எழுத்துரு மாறினும் எழுத்து மாறாது.

மூன்றாவது, உயிர்மெய்யின் சிதைவு. கொடி என்னும் சொல்லின் முதலெழுத்திலே ககரத்துக்கு முன்னே கொம்பும் பின்னே காலும் வருகின்றன. இந்திய எழுத்துகளைக் கோக்கும் திறம் அமையாத மென்பொருளிலோ, அத்திறம் இருந்தும் அதனை இயக்காமல் விட்ட மென்பொருளிலோ, கொம்பு ககரத்துக்குப் பின்னே போய் விழும். தமிழறியாத ஓவியர் அதனைக் கண்டறியார். அச்சேறிய பின்னரே பிழை வெளிப்படும். ஆகவே படத்தை அச்சகத்துக்கு அனுப்பும்போது இரண்டு படிகள் ஆக்குதல் நலம். ஒன்றில் எழுத்துகளை உருவக் கோடுகளாக மாற்றி அனுப்பினால் எந்தக் கணினியிலும் அவை சிதையா. மற்றதில் எழுத்துகளை எழுத்துகளாகவே விட்டு, பின்னாளிற் பிழை திருத்தவும் பெயர் மாற்றவும் தம்மிடத்தே வைத்துக்கொள்ளல் வேண்டும். இரண்டாவது படியை இழந்தவர் மரக்கட்டைக் காலத்துக்கே திரும்பியவராவார்.

இவை யாவும் கைத்திறனைச் சார்ந்தவை. இவற்றினும் கடினமானது சொல்லைத் தெரிதல். இதயத்தின் படத்தை எடுத்துக்கொள்க. இதயத்திலிருந்து குருதியை வெளியே கொண்டு செல்லும் குழாயை இலங்கைப் பாடநூல்கள் நாடி என்கின்றன. இதயத்துக்குக் குருதியைக் கொண்டுவரும் குழாயை நாளம் என்கின்றன. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் முன்னையது தமனி, பின்னையது சிரை. அங்கு இரத்த நாளம் என்பது குருதிக் குழாய் அனைத்துக்கும் பொதுப்பெயர். ஆகவே தமிழ்நாட்டிலே ஆக்கிய படத்தில் நாளம் என்னும் பெயரைக் காணும் யாழ்ப்பாண மாணவன் ஒன்றை எண்ணுவான். எழுதியவர் எண்ணியது வேறாக இருக்கும். உயிரின் அடிப்படைக் கூறான கலம் அக்கரையிற் செல் எனப்படும். இழையம் திசு எனப்படும். ஒளித்தொகுப்பு ஒளிச்சேர்க்கை எனப்படும். இருகரைச் சொற்களும் தமிழே. இரண்டும் அறிஞர் ஆராய்ந்து அமைத்தவையே. எனினும் தேர்வு எழுதும் மாணவனுக்கு அவன் பாடநூலின் சொல்லே உரியது. இணையத்திற் கிடைக்கும் படத்தை அவ்வாறே எடுத்துக் கொடுக்கும் ஆசிரியர், பெயரடுக்கை ஒரு முறை மாற்றிக் கொடுப்பாராயின் இம்மயக்கம் நேராது.

இதயப் படத்தில் இன்னுமொரு பொறி உண்டு. படம் நம்மை நோக்கி நிற்கும் மனிதனுடையது. ஆதலின் அவனுடைய இடப்பக்கம் படத்தின் வலப்பக்கத்தில் இருக்கும். இட இதயவறை என்னும் பெயர் தாளின் வலப்புறத்தே வருதலைக் கண்டு, பிழையென எண்ணி மாற்றிவிடுவோரும் உளர். படத்தின் கீழே, இடம் வலம் என்பன உடலுக்குரியவை என்று ஒரு விளக்கக் குறிப்பு இட்டால் அத்தடுமாற்றம் ஒழியும். வண்ணத்தையும் முற்றாக நம்புதல் கூடாது. ஒட்சிசன் மிக்க குருதியைச் செந்நிறத்தாலும், குறைந்ததை நீலநிறத்தாலும் காட்டுவது வழக்கம். அவ்வாறு காட்டின், நுரையீரல் நாடி நாடியாக இருந்தும் நீலமாகத் தோன்றும். கறுப்பு வெள்ளைப் பிரதியிலோ இரண்டு நிறமும் ஒரே சாம்பலாகிவிடும். நிறங்களை வேறுபிரித்து உணரும் ஆற்றல் குறைந்த கண்ணினர்க்கும் நிறம் மட்டும் உதவாது. பெயர்க்குறி செவ்வையாக நின்றால், நிறம் போயினும் பொருள் போகாது.

பெயர்க்குறி பள்ளிக்கூடத்தளவில் நிற்பதன்று. தோட்டத்துக்கும் கிணற்றுக்கும் வருவது. வானொலியிற் படங்காட்ட இயலாதாகையால், நேயர்கள் தம் மனத்திலே ஒரு படத்தை வரைந்துகொள்வார்களாக. குடாநாட்டு நிலத்தைக் கத்தியால் வெட்டியது போன்ற ஒரு குறுக்குவெட்டுப் படம். மேலே தோட்டமும் கிணறும். கிணற்றருகே பழைய துலா ஒன்று. துலாமரம், அதனைத் தாங்கும் ஆடுகால், துலாக்கொடி, நீரள்ளும் பட்டை எனப் பெயர்கள் நிரலாக நிற்கின்றன. இவை நூலிலிருந்து வந்த பெயர்களல்ல. துலா மிதித்தவர் வாயிலிருந்து வந்தவை. அத்தகைய பெயர் உள்ளவிடத்து வேறு பெயர் படைத்தல் வேண்டா. துலாவைப் பாவிப்போர் அருகிவரும் இக்காலத்தில், அப்பெயர்களைப் படத்தோடு சேர்த்து வைப்பது அவற்றைக் காக்கும் வழியுமாகும்.

இனி நிலத்தின் கீழே நோக்குவோம். மண்ணின் அடியிற் சுண்ணக்கல். குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. வழுக்கியாறும் மழைக்காலத்துக்கே உரியது. மழைநீர் சுண்ணக்கல்லின் வெடிப்புகள் வழியே இறங்கித் தேங்குவதே கிணற்று நீர். சுற்றிலும் கடலாதலின் சுண்ணக்கல்லின் ஆழத்தே உவர்நீர் புகுந்துள்ளது. ஒரே அளவு கொண்ட நன்னீரின் எடை 40 பங்காயின், கடல்நீரின் எடை 41 பங்கு. ஆகவே இலேசான நன்னீர் உவர்நீரின்மேல் ஒரு வில்லை போல மிதக்கிறது. நன்னீர் கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி உயர்ந்திருந்தால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 அடி ஆழம் வரை நன்னீர் இருக்கும் என்பது 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒல்லாந்தரான கைபென் என்பாரும், 1901இல் ஜெர்மானியரான ஹெர்ஸ்பேர்க் என்பாரும் காட்டிய விதி. வெடிப்பும் குகையும் நிறைந்த சுண்ணக்கல்லில் இவ்விதி அப்படியே செல்லாது. ஆயினும் நிலைமையின் போக்கை அது நன்கு உணர்த்தும். புத்தூருக்கு அண்மையிலுள்ள நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தே உவர்நீரும் இருத்தல் இதற்குக் கண்கூடான சான்று.

இப்படத்துக்குப் பெயர்க்குறி இடும் ஒருவர், நிலத்தின் கீழுள்ள நீர் முழுவதற்கும் நிலத்தடி நீர் என்று ஒரே பெயர் இட்டுவிடலாம். அப்பெயர் பொய்யன்று. ஆனால் அதனைக் காணும் கமக்காரர் என்ன எண்ணுவார்? ஆழத் தோண்டுந்தோறும் நீர் பெருகும் என்றே எண்ணுவார். நீரிறைக்கும் இயந்திரத்தை வைத்து வேண்டுமட்டும் இறைக்கலாம் என்றும் துணிவார். அதே படத்தில் நன்னீர் வில்லை, கலப்பு வலயம், உவர்நீர் என மூன்று பெயர்கள் தத்தம் பகுதிக்குள் நுனி பதிய நிற்குமாயின், பொருளே மாறிவிடுகிறது. கிணற்றின் அடியருகே, நீர்மட்டம் ஓரடி தாழ்ந்தால் உவர்நீர் நாளடைவில் 40 அடி வரை மேலெழக்கூடும் என்னும் விளக்கக் குறிப்பையும் சேர்த்துவிட்டால், படம் ஓர் எச்சரிக்கையாகிறது. ஒரு முறை உவராகிய கிணறு மீண்டும் நன்னீராவதற்குப் பல மழைக்காலங்கள் வேண்டியிருக்கலாம். அந்த இழப்பைத் தடுக்கும் ஆற்றல் மூன்று பெயர்களிலும் ஒரு வரிக் குறிப்பிலும் அடங்கியுள்ளது.

இப்படத்தில் மற்றொரு குறிப்பும் இன்றியமையாதது. ஓரடிக்கு நாற்பதடி என்னும் விகிதத்தையும் குடாநாட்டின் அகலத்தையும் உண்மை அளவில் ஒரே தாளில் வரைந்தால், நன்னீர் வில்லை ஒரு மெல்லிய இழையாகவே தோன்றும். அதனால் உயரத்தையும் ஆழத்தையும் பெரிதாக்கியே வரைவர். செங்குத்தளவு மிகைப்படுத்தப்பட்டது என்று படத்தின் அடியில் எழுதாவிடில், படம் கற்போனை ஏமாற்றியதாகும். கீழே அளவுகோல் ஒன்றும் இடுதல் வேண்டும். படத்தைப் பெரிதாக்கினும் சிறிதாக்கினும், அதனோடு சேர்ந்து வளர்ந்து சுருங்கும் அளவுகோல் என்றும் உண்மையே சொல்லும்.

எழுத்தை எழுத்தாகவே விட்டுவைத்த மின்படத்தால் வேறொரு நன்மையும் உண்டு. கண்பார்வை இழந்தோர்க்குத் திரையிலுள்ளதை வாசித்துக் காட்டும் மென்பொருள்கள் இந்நாளில் உள்ளன. தக்கவாறு அமைத்த படத்தின் பெயர்களையும், படத்தோடு சேர்த்து எழுதிய விளக்கத்தையும் அவை ஒலியாக்கித் தருகின்றன. செவியால் மட்டும் அறிவோர்க்கு ஒரு பொருளை உணர்த்தப் பெயர் எத்துணை வேண்டுவது என்பதை வானொலி நேயர்களுக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை.

பணி முடிந்தபின் அதனைச் சோதிக்கும் வழி எளிது. அப்பொருளை முன்னர் அறியாத ஒருவரிடம் படத்தைக் கொடுத்து, அவர் கண்டதைத் தம் சொல்லிற் கூறுமாறு கேட்டல் வேண்டும். துலாவின் படத்தைத் துலா மிதித்த முதியவரிடமும், இதயத்தின் படத்தை மருத்துவரிடமும் காட்டுதல் வேண்டும். முன்னவர் தடுமாறுமிடத்திற் கோடு பிழைத்துள்ளது. பின்னவர் முகஞ்சுளிக்குமிடத்திற் பெயர் பிழைத்துள்ளது. பெயரடுக்கைத் திறந்து திருத்தச் சில நிமிடங்கள் போதும்.

கிறீன் 1873இல் யாழ்ப்பாணத்தை விட்டு நீங்கி, 1884இல் தம் பிறந்த ஊரில் மறைந்தார். கொழும்பில் 1870இல் தொடங்கிய மருத்துவப் பள்ளி ஆங்கிலத்திற் கற்பித்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் 1978இல் தொடங்கிய மருத்துவ பீடமும் ஆங்கில வழியையே கைக்கொண்டது. ஆகவே இக்குடாநாட்டு மாணவர் பலர் உயர்தரம் வரை இதயத்தின் உறுப்புகளைத் தமிழ்ப் பெயராற் கற்று, மருத்துவ பீடத்துட் புகுந்தவுடன் அவற்றையே ஆங்கிலப் பெயராற் கற்கின்றனர். பயின்று வெளிவந்தபின் நோயாளியிடம் மீண்டும் தமிழிலேயே பேசுகின்றனர். ஒரே உருவத்தின்மேல் இரண்டு பெயரடுக்குகளைக் கொண்ட படம் இவர்களுக்கு இருகரையையும் இணைக்கும் பாலமாகும். மானிப்பாயில் மரக்கட்டையும் ஈய எழுத்தும் கொண்டு தொடங்கிய வேலை அது. இன்று அதற்கு வேண்டிய கருவி ஒவ்வொரு பள்ளிக்கும் எட்டும் தூரத்தில் உள்ளது. வேண்டுவன பொருளை அறிந்த அறிவும், சொல்லைத் தெரியும் பொறுமையும், கோட்டின் நுனியைச் சரியான இடத்தில் நிறுத்தும் கவனமுமே.